காந்தமும் மின்காந்தமும்: செட்டிநாட்டு வீட்டிலேயே செய்து, அளந்து படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காகிதத்தின் மேல் இரும்புத்தூளைத் தூவி, அடியில் ஒரு சட்டக் காந்தத்தைப் பிடித்தால் வளைவு வளைவாகக் கோடுகள் தோன்றும். அதை நோட்டில் வரைந்து மதிப்பெண் வாங்கியதோடு நம்மில் பலருக்குக் காந்தவியல் முடிந்துபோயிற்று. பார்க்க அழகான சோதனைதான். ஆனால் அதில் அளப்பதற்கு ஒன்றுமில்லை. அளக்காத இயற்பியல் மனத்தில் தங்குவதும் இல்லை. எனவே இங்கே இரும்புத்தூளுக்கு வேலை கொடுக்கவில்லை. ஒரு தையல் ஊசியைக் காந்தமாக்குவதில் தொடங்குவோம். பிறகு ஒரு கம்பியில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதை, மீட்டர் எதுவும் இல்லாமல், திசைகாட்டியை மட்டும் கொண்டு கணக்கிடுவோம். அங்கிருந்து மின்காந்தம், மோட்டார், மின்தூண்டல், இண்டக்ஷன் அடுப்பு என்று போவோம்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி வட்டாரத்தில் இருப்பவருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதனால் நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. லண்டனில் அதே புலம் கிடைமட்டத்திலிருந்து சுமார் 66 டிகிரி சாய்ந்து தரைக்குள் இறங்குகிறது. பாடப்புத்தகச் சோதனைகள் பலவும் ஐரோப்பாவில் பிறந்தவை. அவற்றில் சில இங்கே வேறு விதமாக நடக்கும், சில இங்கேதான் சுத்தமாக வரும்.

வாங்க வேண்டியவை

தையல் ஊசிகள், ஒரு சிறிய திசைகாட்டி, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய கறுப்பு வளையக் காந்தம் ஒன்று, 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள நியோடிமியம் வட்டுக் காந்தங்கள் ஏழெட்டு. பெரிய டார்ச் செல்கள் இரண்டு. எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள இரும்பு போல்ட் ஒன்று, உப்புத்தாள், சிவப்பு எல்.இ.டி. ஒன்று, வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய் ஒரு சாண். ஏ.சி. பழுதுபார்ப்பவரிடம் ஒரு மீட்டர் தாமிரக் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. காந்தம் உள்ளே தடையில்லாமல் போகும் அகலம் அதற்கு வேண்டும்.

முக்கியமானது எனாமல் பூசிய தாமிரக் கம்பி. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் எடைக்குக் கொடுப்பார்கள். 28 கேஜ் கம்பி 100 கிராம் கேளுங்கள். இந்தக் கம்பியில் ஒரு மீட்டரின் எடை ஏறக்குறைய ஒரு கிராம்; ஆக 100 மீட்டர் கைக்கு வந்துவிடும், கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அது போதும்.

இரண்டு எச்சரிக்கைகளை இப்போதே சொல்லிவிடுகிறேன். நியோடிமியம் காந்தங்கள் குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரண்டு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அவற்றை மார்புக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. மற்றொன்று, இங்குள்ள எந்தச் சோதனைக்கும் வீட்டு மின்சாரம் வேண்டாம். சுவர்ப் பிளக்கில் எதையும் சொருகாதீர்கள்.

முதல் படி: எது ஒட்டும், எது ஒட்டாது

ஒலிபெருக்கிக் காந்தத்தை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். இரும்புப் பெட்டகம், கதவுத் தாழ்ப்பாள், தோசைக்கல், அரிவாள்மனை எல்லாவற்றிலும் ஒட்டும். பித்தளைக் குத்துவிளக்கு, செம்புக் குடம், வெண்கல உருளி, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் எதிலும் ஒட்டாது. பழைய எனாமல் தூக்கில் ஒட்டும், ஏனென்றால் அந்தப் பளபளப்புக்கு அடியில் இருப்பது இரும்புத் தகடு. அறை வெப்பத்தில் வலுவாக ஈர்க்கப்படும் தனிமங்களாக நாம் கவலைப்பட வேண்டியவை இரும்பு, நிக்கல், கோபால்ட் மூன்றுதான்.

மழை ஓய்ந்த மறுநாள், செம்மண் பாதையோரத்தில் தண்ணீர் ஓடிய தடத்தில் கறுப்புக் கோடுகளாக மணல் படிந்திருக்கும். காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் போட்டு அதன் மேல் நகர்த்துங்கள். கறுப்பு மணிகள் சில பையில் மீசைபோல எழுந்து நிற்கும். மண்ணுக்குச் சிவப்பைத் தரும் ஹேமடைட்டும் இரும்பு ஆக்சைடுதான், ஆனால் அது மிக வலுக்குறைந்த காந்தப் பொருள். எழுந்து நிற்பவற்றில் இருப்பது பெரும்பாலும் மேக்னடைட். மூன்று இரும்பு அணுக்களும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த இந்தக் கனிமம்தான், மனிதர்கள் முதலில் கண்டெடுத்த இயற்கைக் காந்தக்கல்.

இனி எவர்சில்வர். பாத்திரக் கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல் என்று முடிவு கட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. இதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த 304 ரகம் காந்தத்தில் ஒட்டாது, உண்மை. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 200 வரிசை ரகங்களும் ஒட்டாது. இன்னொரு பக்கம், நிக்கல் ஏறக்குறைய இல்லாமல் குரோமியம் மட்டும் சேர்த்த 430 ரகம் நன்றாக ஒட்டும். அதுவும் துருப்பிடிக்காத அசல் எஃகுதான். சட்டைப்பையில் உள்ள ஒரு ரூபாய் நாணயத்தைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டும், காரணம் அது இந்த இனத்து எஃகு. அரசாங்கம் போலி எவர்சில்வரில் காசடிக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நிக்கல் தானே ஒரு காந்த உலோகம். அதை இரும்போடு சேர்த்தால் காந்தத்தன்மை கூட வேண்டும் என்றுதான் தோன்றும். எஃகில் அது செய்யும் வேலை வேறு: இரும்பு அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கையே மாற்றிவிடுகிறது, மாறிய அடுக்கில் காந்தத்தன்மை இல்லை. அதே 304 தகட்டை அழுத்தி வளைத்துப் பாத்திரமாக்கும்போது, அதிகம் வளைந்த விளிம்பில் அடுக்கு கொஞ்சம் பழையபடி திரும்பும். ஆகவே அடியில் ஒட்டாத ஒரு நல்ல பாத்திரம் விளிம்பில் லேசாக ஒட்டலாம். எந்தத் தனிமம் என்பது மட்டும் போதாது. அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் சேர்ந்துதான் காந்தத்தைத் தீர்மானிக்கிறது.

இரண்டாம் படி: ஊசியைக் காந்தமாக்குதல்

ஊசியை மேசை மேல் வைத்து, காந்தத்தின் ஒரே முகத்தால், காதிலிருந்து முனை நோக்கி முப்பது நாற்பது முறை தேயுங்கள். ஒவ்வொரு முறையும் முனைக்கு வந்ததும் காந்தத்தை நன்றாகத் தூக்கி, சுற்றிக் கொண்டுபோய்க் காதில் வைத்துத் தொடங்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் செய்த வேலை அழிந்துபோகும்.

இரும்புக்குள் எண்ணற்ற நுண்ணிய பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் அணுக்கள் எல்லாம் ஒரே திசை பார்க்கும். ஆனால் பகுதிக்குப் பகுதி திசை வேறு. சந்தைக் கூட்டம் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்பதைப்போல, மொத்தத்தில் எந்தத் திசையும் மிஞ்சாது. காந்தத்தால் தேய்க்கும்போது, தேய்க்கும் திசைக்கு இணக்கமான பகுதிகள் வளர்ந்து மற்றவற்றை விழுங்குகின்றன. ஊசி கடினமான எஃகு என்பதால் காந்தத்தை எடுத்த பிறகும் அந்த நிலை கலைவதில்லை. மென்மையான இரும்பு ஆணியில் இதையே செய்தால் சீக்கிரம் கலைந்துவிடும். இந்த வித்தியாசம் நான்காம் படியில் நமக்கு உதவும்.

பித்தளைத் தாம்பாளத்திலோ பிளாஸ்டிக் தட்டிலோ தண்ணீர் ஊற்றி, சிறு தெர்மக்கோல் துண்டின் மேல் ஊசியை வைத்து மிதக்க விடுங்கள். எஃகுத் தட்டு வேண்டாம். இடத்தையும் கவனியுங்கள்: வளவின் நடுவே வெளிச்சத்தில் செய்யலாம் என்று தோன்றும், ஆனால் பல வீடுகளில் முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை கட்டியிருக்கிறார்கள், சில வீடுகளில் வார்ப்பிரும்புத் தூண்களும் உண்டு. அவை ஊசியைக் குழப்பும். வீட்டுக்குப் பின்னால் திறந்த வெளிக்குப் போய்விடுவது நல்லது. ஊசி மெதுவாகத் திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். வடக்கே பார்க்கும் நுனியை வடமுனை என்கிறோம். வேறு வேறு முனைகள் ஈர்க்கும், ஒத்த முனைகள் விலக்கும் என்பது விதி. அப்படியானால் நம் ஊசியின் வடமுனையை இழுக்கும், பூமியின் வடபகுதியில் இருக்கும் காந்தமுனை உண்மையில் தென்முனை வகையைச் சேர்ந்தது. வரைபடங்களில் பெயர் வேறாக இருப்பதால் மாணவர்கள் இங்கே தடுமாறுவார்கள், தடுமாற வேண்டியதில்லை. பூமியே ஒரு பெரிய காந்தம் என்பதை வில்லியம் கில்பர்ட் 1600-இல் வாதிட்டு நிறுவினார்.

ஊசியைத் துணியில் சுற்றி, குறடால் நடுவே ஒடித்துப் பாருங்கள். வடமுனை ஒரு துண்டிலும் தென்முனை இன்னொன்றிலும் போகாது. இரண்டு துண்டுகளும் முழுக் காந்தங்களாகவே இருக்கும். தனித்த ஒற்றை முனையை இதுவரை யாரும் பிடித்ததில்லை. ஒரு துண்டை இடுக்கியால் பிடித்துக் கேஸ் தீயில் செக்கச்செவேலென ஆகும்வரை காட்டி, தனியே ஆறவிட்டு மிதக்க விடுங்கள். அது எந்தப் பக்கமும் பார்க்காமல் கிடக்கும். இரும்பு 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் அணுக்களின் ஒழுங்கு வெப்பத்தில் சிதறிவிடுகிறது. கியூரி வெப்பநிலை என்று இதற்குப் பெயர். நிக்கலுக்கு இது சுமார் 358 டிகிரிதான். மங்கலான சிவப்போடு நிறுத்திவிட்டால் சோதனை பாதியில் நிற்கும்.

இன்னொரு ஊசியைக் காந்தமாக்கும் முன்பே, பட்டு நூலில் கட்டி, தராசு முள்போலச் சமமாகத் தொங்கும் இடத்தைக் கண்டுபிடித்து முடிச்சை ஒரு துளி பசையால் உறுதியாக்குங்கள். பிறகு காந்தமாக்கித் தொங்க விடுங்கள். லண்டனில் இதன் வடமுனை தலைகுப்புறக் கீழே சாயும். இங்கே அது அநேகமாகக் கிடையாகவே நிற்கும், வடமுனை சில டிகிரி தாழ்ந்தால் உண்டு.

இந்த வித்தியாசத்தைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நேரிலேயே பார்க்க வாய்ப்பிருக்கிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கக் கப்பலேறிய காலத்துச் சாமான்களுக்கு நடுவே பித்தளைத் திசைகாட்டிகளும் அங்கே தலைகாட்டும். இங்கிலாந்தில் பயன்படுத்தச் செய்த திசைகாட்டியில், வடமுனை கீழே சாயாமல் இருப்பதற்காக ஊசியின் தென்பாதியைக் கொஞ்சம் கனமாக்கியிருப்பார்கள். அந்த ஊசி இங்கே வந்தால், சாய்க்கும் விசை இல்லாததால், தென்முனை தாழ்ந்து கண்ணாடியிலோ தட்டிலோ உரசும். கடைக்காரர் அதைப் பழுது என்று விலை குறைத்துக் கொடுத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: மின்னோட்டத்தைத் திசைகாட்டியால் அளத்தல்

வழிகாட்டியின் நடுநாயகம் இந்தப் படிதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

1800-இல் வோல்ட்டா மின்கல அடுக்கைச் செய்து காட்டும் வரை, தொடர்ந்து ஓடும் மின்னோட்டம் என்ற ஒன்று யார் கையிலும் இல்லை. காந்தமும் மின்சாரமும் உறவு என்பது தெரிய அதற்குப் பின் இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. வேதியியல் தந்த மின்கலம் இல்லாமல் மின்காந்தவியல் பிறந்திருக்காது. அந்த மின்வேதியியலுக்கென்றே நாட்டின் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று நிலையம் திறக்கப்பட்டது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது முழுப்பெயர். ஊரில் அதன் ஆங்கிலச் சுருக்கமான சிக்ரி (CECRI) என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்.

1820-இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகே இருந்த திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டார். அதையே நாமும் செய்வோம், கூடவே எண்ணும் எடுப்போம்.

28 கேஜ் கம்பியில் ஐந்து மீட்டர் வெட்டி, இரு நுனிகளிலும் எனாமலை உப்புத்தாளால் தாமிரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து எடுங்கள். இது வேலை செய்யவில்லை என்று கைவிடப்படும் சோதனைகளில் பாதி, எனாமல் சரியாக நீங்காததால் வருவது. கம்பியின் நடுவில் முக்கால் மீட்டரை வடக்கு தெற்காக, விறைப்பாக இழுத்து இரண்டு மரக்கட்டைகளில் கட்டுங்கள். மிச்சத்தைச் சுருளாகச் சுற்றி வைக்காமல் அகலமாக விரித்து, திசைகாட்டிக்கு அரை மீட்டருக்கு அப்பால் கொண்டுபோங்கள். கம்பிக்கு நேர் கீழே திசைகாட்டியை வையுங்கள். ஊசிக்கும் கம்பிக்கும் இடையே சரியாக ஒரு சென்டிமீட்டர் இருக்கட்டும். ஊசியும் கம்பியும் ஒரே திசையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, டார்ச் செல்லின் இரு முனைகளிலும் நுனிகளைத் தொடுங்கள். ஊசி நின்றதும் கோணத்தைப் படித்துவிட்டு உடனே எடுத்துவிடுங்கள். பத்து வினாடிக்கு மேல் வைத்தால் செல் வீணாகும்.

கணக்கு இது. நீண்ட நேர்கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடினால், ஒரு சென்டிமீட்டர் தள்ளி அது உண்டாக்கும் காந்தப்புலம் 20 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). தூரம் இரட்டித்தால் புலம் பாதியாகும். நம் பகுதியில் பூமியின் கிடைமட்டப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஊசியைப் பூமி வடக்கே இழுக்கிறது, கம்பி குறுக்கே இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோணத்தில் அது சமரசமாகிறது. கோணத்தின் டேன் (tan) மதிப்பு, கம்பியின் புலத்தைப் பூமியின் புலத்தால் வகுத்தால் வருவது. சுருக்கினால்:

மின்னோட்டம் (ஆம்பியர்) = 2 × தூரம் (சென்டிமீட்டர்) × கோணத்தின் டேன்

ஊசி 30 டிகிரி திரும்பினால், டேன் 0.577, ஆக 1.15 ஆம்பியர். ஐந்து மீட்டர் கம்பியின் மின்தடை சுமார் 0.8 ஓம், செல்லின் உள்தடையும் சேரும், 1.5 வோல்ட்டுக்கு ஒரு ஆம்பியருக்குச் சற்று மேலே வருவது சரியான விடைதான். அந்த முன்னெண் 2 நம் ஊருக்கு உரியது. லண்டனில் பூமியின் புலம் பெரும்பகுதி தரைக்குள் இறங்கிவிடுவதால் கிடைமட்டமாக மிஞ்சுவது ஏறக்குறைய இதில் பாதிதான். அங்கே 2 என்பதற்குப் பதில் 1 போட வேண்டும்.

அடுத்து, திசைகாட்டியைக் கம்பிக்கு மேலே வைத்துப் பாருங்கள். ஊசி எதிர்ப்பக்கம் திரும்பும். செல்லைத் திருப்பினாலும் அப்படியே. ஆக, காந்தப்புலம் கம்பியிலிருந்து வெளியே பீறிடவில்லை. கம்பியைச் சுற்றி வளையமிடுகிறது. வலக்கைக் கட்டைவிரலை மின்னோட்டத் திசையில் நீட்டி, கம்பியைப் பிடிப்பதாக நினைத்தால் மற்ற விரல்கள் மடங்கும் திசையே புலத்தின் திசை. காந்தம் என்பதே நுண்ணிய மின்னோட்டங்களின் விளைவாக இருக்க வேண்டும் என்று ஆம்பியர் அந்தக் காலத்திலேயே ஊகித்தார். இரும்பின் காந்தத்தன்மைக்குப் பெரும் பங்கு தருவது எலக்ட்ரான்களின் தற்சுழற்சி என்னும் உள்ளார்ந்த பண்பு என்பதை இருபதாம் நூற்றாண்டு காட்டியது.

நான்காம் படி: மின்காந்தம்

கம்பியைச் சுருளாக்கினால் ஒவ்வொரு சுற்றின் புலமும் உள்ளே ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். நடுவே இரும்பை வைத்தால் அதன் பகுதிகள் அணிவகுத்துப் புலத்தைப் பல மடங்கு பெருக்கும். 1825-இல் வில்லியம் ஸ்டர்ஜன் 200 கிராம் இரும்பைக் கொண்டு சுமார் 4 கிலோவைத் தூக்கிக் காட்டினார், அதுவும் ஒரே ஒரு மின்கலத்தின் துணையோடு.

போல்ட்டின் மேல் ஒரு சுற்றுக் காகிதம் ஒட்டி, ஒரே திசையில் 200 சுற்றுகள் நெருக்கமாகச் சுற்றுங்கள். ஆறு மீட்டர் கம்பி பிடிக்கும். நுனிகளைத் தேய்த்து ஒரு செல்லில் இணையுங்கள். குண்டூசிகளையும் சிறு ஆணிகளையும் கொத்தாகத் தூக்கும். செல்லை எடுத்ததும் உதிர்த்துவிடும், ஒன்றிரண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். போல்ட்டின் இரும்பு எவ்வளவு மென்மையோ அவ்வளவு சுத்தமாக உதிரும். போல்ட்டுக்குப் பதில் கடினமான எஃகுத் துளைக்கம்பியை (டிரில் பிட்) வைத்தால் அது நிரந்தரக் காந்தமாகி, விட மறுக்கும்.

சுற்றுகளைக் கூட்டினால் வலிமை கூடும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. பாதி உண்மை. வலிமையைத் தீர்மானிப்பது சுற்றுகளின் எண்ணிக்கையை மின்னோட்டத்தால் பெருக்கினால் வரும் தொகை. அதே கம்பியில் சுற்றுகளை இரட்டித்தால் நீளமும் இரட்டிக்கும், மின்தடையும் இரட்டிக்கும், மின்னோட்டம் பாதியாகும். செல்லுக்கு உள்தடையே இல்லையென்றால் பெருக்குத்தொகை மாறவே மாறாது! உள்தடை இருப்பதால் கொஞ்சம் கூடும், அவ்வளவே. உண்மையான லாபம் வேறு: பாதி மின்னோட்டத்தில் அதே வேலை நடப்பதால் கம்பி சூடாவதும் செல் தேய்வதும் குறைகின்றன. வலிமை கூட வேண்டுமானால் தடித்த கம்பி எடுக்க வேண்டும், அல்லது வோல்ட்டைக் கூட்ட வேண்டும்.

உங்கள் வீட்டு எம்.சி.பி.க்குள், அதாவது ஆபத்து வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்சுக்குள், இதேபோல் ஒரு சுருள் இருக்கிறது. எங்காவது கம்பிகள் உரசி மின்னோட்டம் திடீரெனப் பல மடங்கு எகிறினால், அந்தச் சுருள் ஒரு சிறு இரும்பை இழுத்துக் கொக்கியைத் தட்டிவிடும். அழைப்புமணி, ரிலே, பழைய இரும்புக் கிடங்கின் தூக்கி, எல்லாம் இதே கதை.

ஐந்தாம் படி: மோட்டார்

கம்பி ஊசியைத் தள்ளினால், காந்தம் கம்பியையும் தள்ளத்தானே வேண்டும்? தள்ளுகிறது. டார்ச் செல்லின் மேல் பத்துச் சுற்றுச் சுற்றி வளையமாக்கி, இரு நுனிகளையும் எதிரெதிராக நேர்கோட்டில் நீட்டுங்கள். செல்லின் இரு முனைகளிலும் இரண்டு ஊக்குகளை ரப்பர் வளையத்தால் கட்டி நிறுத்தி, ஊக்கின் துளைகளில் நுனிகளை நுழையுங்கள். செல்லின் மேல், வளையத்துக்கு நேர் கீழே ஒரு நியோடிமியம் காந்தம். ஒரு நுனியில் எனாமலை முழுவதும் எடுக்க வேண்டும். மறு நுனியில் மேல்பாதியை மட்டும் எடுக்க வேண்டும். முழுவதும் எடுத்துவிட்டால், வளையம் அரைச்சுற்றுத் திரும்பியதும் விசை எதிராகி அதை நிறுத்திவிடும். பாதி எனாமல் அந்த நேரத்தில் மின்னோட்டத்தை வெட்டுகிறது, வேகத்தால் வளையம் மீதியைக் கடக்கிறது. விரலால் லேசாகத் தட்டிவிட்டால் சுழலும்.

ஆறாம் படி: காந்தத்திலிருந்து மின்சாரம்

மின்சாரம் காந்தத்தைத் தருமானால் காந்தம் மின்சாரத்தைத் தராதா என்ற கேள்வி பலரைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. கம்பிக்கு அருகே காந்தத்தை வைத்துவிட்டுக் காத்திருந்ததுதான் சிக்கல். 1831 ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் ஃபாரடே விடையைப் பிடித்தார்: காந்தப்புலம் மாறிக்கொண்டிருக்க வேண்டும். நிலையான புலம் எவ்வளவு வலிமையாக இருந்தாலும் அசையாத சுருளில் எதையும் ஓட்டாது.

பிளாஸ்டிக் குழாயின் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குள் 1,000 சுற்றுகள் சுற்றுங்கள். பொறுமை வேண்டும், கம்பியும் 85 மீட்டருக்கு மேல் போகும். நுனிகளில் சிவப்பு எல்.இ.டி.யை இணைத்து, நியோடிமியம் வட்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் குழாய்க்குள் போட்டு, இரு பக்கமும் பஞ்சு வைத்து அடைத்து, மாலை நேரத்தில் வேகமாகக் குலுக்குங்கள். எல்.இ.டி. மின்னும். காந்தத்தின் பாயம், அதாவது சுற்றுக்குள் ஊடுருவும் புலத்தின் மொத்த அளவு, ஒரு சுற்றில் நூறில் ஒரு வினாடிக்குள் மாறினால், சுற்றுக்குச் சில மில்லிவோல்ட் கிடைக்கும். ஆயிரம் சுற்றுக்குச் சில வோல்ட். சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 1.8 வோல்ட் போதும். மெதுவாக ஆட்டினால் எரியாது, ஏனென்றால் மாற்றத்தின் வேகம்தான் வோல்ட்.

அடுத்தது தாமிரக் குழாய். காந்தம் ஒட்டாத உலோகம் என்று முதல் படியிலேயே பார்த்தோம். அதைச் செங்குத்தாகப் பிடித்து, வட்டுக் காந்தங்களின் அடுக்கை உள்ளே விடுங்கள். வெறும் காற்றில் ஒரு மீட்டர் விழ அரை வினாடிகூட ஆகாது. குழாய்க்குள் அது நிதானமாக, சுவரைத் தொட மனமில்லாததுபோல இறங்கி வரும். விழும் காந்தம் குழாய்ச் சுவரில் வட்ட மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை தம்மை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே ஓடுகின்றன. 1834-இல் லென்ஸ் சொன்ன விதி இது. எதிர்க்காமல் உதவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்: காந்தம் தானே வேகமெடுக்கும், மின்சாரமும் இலவசமாக வரும். இயற்கை அப்படி வள்ளல் இல்லை.

தெருமுனை டிரான்ஸ்பார்மரும் இதே விதியில்தான் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. ஒரே இரும்பின் மேல் இரண்டு சுருள்கள்; ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம், மற்றொன்றில் அதன் பிரதிபலன், சுற்றுகளின் விகிதத்தில். பேட்டரியின் நேர்மின்சாரத்தைக் கொடுத்தால் இணைக்கும் நொடியிலும் பிரிக்கும் நொடியிலும் தவிர எதுவும் வராது. இரவில் அது ரீங்காரமிடுவதைக் கேட்டிருப்பீர்கள். காந்தமாகும் ஒவ்வொரு முறையும் இரும்பு இம்மி அளவு நீள அகலம் மாறுகிறது. வினாடிக்கு 50 சுழற்சி என்றால் 100 முறை.

ஏழாம் படி: இண்டக்ஷன் அடுப்பும் செட்டிநாட்டுப் பாத்திரங்களும்

கண்ணாடித் தட்டுக்கு அடியில் தட்டையான ஒரு தாமிரச் சுருள். அதில் வினாடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசைமாறும் மின்னோட்டம். மேலே வைத்த பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்பட்டு, பாத்திரமே சூடாகிறது. அடுப்பு சூடாவது பாத்திரத்தின் சூடு இறங்குவதால்தான்.

தாமிரக் குழாயில் அத்தனை மின்னோட்டம் தூண்டப்பட்டதே, பிறகு ஏன் செம்பும் பித்தளையும் இந்த அடுப்பில் சூடாவதில்லை? தூண்டப்படுகிறது, ஆனால் செம்பில் மின்தடை மிகக் குறைவு, மின்னோட்டமும் அகலமான பாதையில் பரவி ஓடுகிறது. இரும்பில், அதன் காந்தத்தன்மை காரணமாகவே, மின்னோட்டம் அடிப்பரப்பின் மெல்லிய தோலுக்குள் நெருக்கித் தள்ளப்படுகிறது. குறுகிய பாதை, அதிகத் தடை, அதனால் வெப்பம்.

எனவே கடைக்குப் போகும்போது காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள், ஆனால் பாத்திரத்தின் பக்கவாட்டில் அல்ல, அடியில் வைத்துப் பாருங்கள். வலுவாக ஒட்டினால் அடுப்பு ஏற்றுக்கொள்ளும். 304 எவர்சில்வர் தனியே ஆகாது; அடியில் காந்த எஃகுத் தகடு பொருத்திய பாத்திரமாக இருக்க வேண்டும். வெண்கல உருளி, பித்தளை அண்டா, மண்சட்டி மூன்றும் ஆகா. தட்டையான அடியுள்ள எனாமல் பாத்திரம் ஆகும், ஆனால் பூச்சு பெயர்ந்த பழம்பொருளை அடுப்பில் ஏற்ற வேண்டாம். வெறுமையாகச் சூடாக்கினால் மிச்சமும் பெயரும். வார்ப்பிரும்புத் தோசைக்கல் அருமையாக ஆகும், கண்ணாடியில் இழுக்காமல் தூக்கி வைத்தால்.

குழிப்பணியாரச் சட்டிதான் ஏமாற்றும். வார்ப்பிரும்பு என்பதால் காந்தம் பிடித்துக்கொள்ளும். சில அடுப்புகள் அதைப் பாத்திரம் என்று ஏற்கவும் செய்யும். ஆனால் சுருளின் புலம் தூரத்தோடு சட்டென்று குறைகிறது, சட்டியின் அடியோ குழிகளின் குமிழ்களாக இருக்கிறது. கண்ணாடியைத் தொடும் குமிழ்நுனிகள் மட்டும் காய, குழியின் ஓரங்கள் சூடேறாமல் நிற்கும். பணியாரம் அடியில் கருகி மேலே மாவாக இருக்கும். அடி தட்டையாக வார்த்த சட்டி கிடைக்காதவரை, அதைக் கேஸ் அடுப்பிலேயே வையுங்கள்.